வெடித்த பெருநாடிக்கு முன்னால் குதிரைலாடச் சிறுநீரகம்: பாலத்தை ஏன் வெட்டுவதில்லை?

மலையகத்துப் பொது வைத்தியசாலை ஒன்றில் பணியாற்றும் தாதி ஒருவரின் கேள்வி இது. நோயாளி 68 வயது ஆண். தோட்டத்தில் கவ்வாத்து வெட்டி ஓய்வு பெற்றவர், நெடுநாள் சுருட்டுப் பழக்கம். இடது இடுப்பில் வலி என்று வந்தவருக்குக் கல்லடைப்பு என்று ஊசி போட்டிருக்கிறார்கள். ஒரு மணித்தியாலத்தில் மயங்கி விழுந்தார். சீ.டீ. எடுத்தபோது, இதயத்திலிருந்து இரத்தம் கொண்டுவரும் பெரிய குழாயான பெருநாடியில், வயிற்றுப் பகுதியில் 7.5 சென்டிமீட்டர் வீக்கம் வெடித்திருந்தது. அதோடு இரண்டு சிறுநீரகங்களும் கீழ்முனையில் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன; இதுதான் குதிரைலாடச் சிறுநீரகம். கண்டிக்கு அனுப்பி, அங்கே சத்திரசிகிச்சை நடந்தது. "ஒட்டியிருக்கும் பாலத்தை வெட்டினால் நேராகப் பெருநாடிக்குப் போகலாமே, ஏன் வெட்டவில்லை? அனுப்பும் முன் நாங்கள் இன்னும் என்ன செய்திருக்கலாம்?"

முதல் கேள்விக்குச் சுருக்கமான பதில்: அந்தப் பாலம் வெறும் ஒட்டு அல்ல, பெரும்பாலும் உயிருள்ள சிறுநீரகத் திசு. சிலருக்கு மட்டும் அது மெல்லிய நார்ப்பட்டையாக இருக்கும். அப்படியானால் கட்டி வெட்டிவிடலாம், ஒரு தீங்கும் இல்லை. தடித்த திசுவாக இருந்தால் மூன்று வகையில் வம்பு. வெட்டிய முகத்தில் இரத்தம் கசியும், அதுவும் உறைதல் சக்தி ஏற்கெனவே கெட்டுப்போன நோயாளிக்கு. இரண்டாவது, சிறுநீரகத்தின் நாடிகள் ஒன்றுக்கொன்று கை கொடுப்பதில்லை. ஒரு கிளை போனால் அது ஊட்டிய பகுதி சாகும், பக்கத்துக் கிளை வந்து காப்பாற்றாது. மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் மோசம். சிறுநீர் சேகரிக்கும் குழிகள் சில வேளை பாலத்துக்குள்ளும் நீண்டிருக்கும். வெட்டினால் அங்கிருந்து சிறுநீர் கசிந்து, வீங்கிய பெருநாடிக்குப் பதிலாக அப்போதுதான் தைத்து வைத்த டேக்ரன் என்ற செயற்கைத் துணிக் குழாயின் மேல் தேங்கும். அந்தச் சிறுநீரில் கிருமி இருந்தால் செயற்கைக் குழாய் தொற்றிக்கொள்ளும். தொற்றிய பெருநாடிக் குழாயைப் பின்னால் கழற்றி எடுப்பது முதல் சத்திரசிகிச்சையை விடப் பயங்கரமானது. ஐந்து நிமிடம் மிச்சம் பிடிக்கப் போய் ஐந்து மாதம் கழித்து ஆளை இழக்கக் கூடாது.

அதனால் பாலத்தை வெட்டாமல், அதைச் சுற்றி அகலமான நாடா ஒன்றைப் போட்டு மெதுவாகத் தூக்குவார்கள். மேல் இணைப்பைத் தைக்கும்போது பாலத்தைக் கீழே இழுப்பது, கீழ் இணைப்பைத் தைக்கும்போது மேலே இழுப்பது, குழாயை அதன் அடியால் கடத்துவது. ஒரே பாலத்தின் கீழ் இரண்டு பக்கமும் மாறி மாறி வேலை செய்வதால்தான் நேரம் எடுக்கிறது. இழுக்கும்போது இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: இந்தச் சிறுநீரகத்தில் சிறுநீர்க் குழாய்கள் பாலத்தின் முன்பக்கமாக இறங்குகின்றன. அகப்பை போன்ற விரிப்பான்களை முரட்டுத்தனமாக வைத்தால் நசுங்குவது அவைதான்.

குதிரைலாடச் சிறுநீரகம் ஏறக்குறைய 500 பேரில் ஒருவருக்கு உண்டு. கருவில் சிறுநீரகங்கள் இடுப்பிலிருந்து மேலே ஏறும்போது கீழ்முனைகள் ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டிய பாலம், பெருங்குடலுக்கு இரத்தம் கொடுக்கும் கீழ் மெசென்டரிக் நாடியில் முட்டி, மூன்றாம் நான்காம் இடுப்பு முள்ளெலும்புகளின் மட்டத்தில் நின்றுவிடுகிறது. பெருநாடி வீக்கங்களில் பெரும்பாலானவை வருவதும் சிறுநீரக நாடிகளுக்குக் கீழே, ஏறத்தாழ அதே இடத்தில்தான். அதனால் பாலம் வீக்கத்தின் முகப்பில் போர்த்தியது போல் கிடக்கும்.

ஆனால் பாலம் கண்ணுக்குத் தெரியும் இடைஞ்சல், அவ்வளவுதான். ஆளைக் கொல்பவை கண்ணுக்குத் தெரியாத நாடிகளும் (உறுப்புக்கு இரத்தம் கொண்டுபோபவை) நாளங்களும் (இரத்தத்தைத் திருப்பிக் கொண்டுவருபவை). மேலே ஏறும் வழியில் சிறுநீரகம் அவ்வப்போது பிடித்துக்கொண்ட நாடிகள் மறையாமல் நின்றுவிடுவதால், இவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்குப் பக்கத்துக்கு ஒன்று என்ற கணக்கு இல்லை. இரண்டு, மூன்று, அதற்கு மேலும் இருக்கலாம். அவை பெருநாடியின் கீழ்ப்பகுதியிலிருந்தோ, இடுப்பு நாடிகளிலிருந்தோ, வீக்கத்தின் சுவரிலிருந்தே நேராகவோ கிளம்பும். பாலத்துக்கென்று தனி நாடி இருப்பதும் சாதாரணம்.

வீக்கத்தைத் திறந்தவுடன் இதை உள்ளிருந்து பார்க்கலாம். உறைந்த இரத்தக் கட்டிகளைக் கையால் அள்ளி எடுத்ததும் சுவரில் சிறு சிறு துளைகள் பின்னோக்கி இரத்தம் கக்கும். பின்சுவரில் சோடி சோடியாக இருப்பவை முள்ளெலும்புக்குப் போகும் லம்பர் நாடிகள். அவற்றை யோசிக்காமல் உள்ளிருந்தே எட்டு வடிவத் தையல் போட்டு மூடலாம். முன்சுவரிலோ பக்கச்சுவரிலோ தனியாக ஒரு துளை, வாய் கொஞ்சம் தடித்து, தேங்காய்க் கண் போல இருந்தால் கையை எடுத்துவிட வேண்டும். அது பெரும்பாலும் சிறுநீரக நாடியாக இருக்கும். கீழ் மெசென்டரிக் நாடியும் முன் இடதுபுறமாகத்தான் திறக்கும், அதையும் இதையும் குழப்பக் கூடாது. தையல் போடாமல், சிறு பலூன் கதீட்டர் ஒன்றை வைத்து அடைத்து, 4 பாகை செல்சியசில் குளிர்வித்த ரிங்கர் லாக்டேட் திரவத்தை அதனூடாகச் செலுத்தினால் அந்தத் துண்டுச் சிறுநீரகம் சற்று நேரம் தாக்குப்பிடிக்கும். குளிர்விக்காத சிறுநீரகத்துக்கு இரத்தம் நின்றால் அரை மணித்தியாலம் போலத்தான் கையில் இருக்கும்.

துளை 3 மில்லிமீட்டருக்கு மேல், ஊட்டும் பகுதியும் பெரிது என்றால், சுற்றியுள்ள பெருநாடிச் சுவரை ஒரு சட்டைப் பொத்தான் அளவுக்கு வெட்டி எடுத்து, டேக்ரன் குழாயில் போட்ட ஓட்டையில் 5-0 புரோலின் நூலால் தைப்பார்கள். வெடித்த வீக்கத்தில் இதை எப்போதும் செய்ய வேண்டும் என்பதில்லை. நோயாளி குளிர்ந்து, அமிலம் ஏறி, எங்கு தொட்டாலும் இரத்தம் கசிகிறது என்றால் அந்த நாடியைக் கட்டிவிட்டு வெளியே வருவதே சரி. சிறுநீரகத்தில் கால்வாசி போகும், டயலிசிஸ் சில வாரம் தேவைப்படலாம், ஆள் இருப்பார். இந்த முடிவை எடுக்கத் தெரிந்தவர் மேசையில் இருப்பதுதான் அனுபவம் என்பது.

நாளங்கள் இன்னும் பொல்லாதவை. வழமையாக இடது சிறுநீரக நாளம் பெருநாடிக்கு முன்னால் குறுக்கே போகும். சத்திரசிகிச்சையாளர் வீக்கத்தின் கழுத்தை, அதாவது அதற்கு மேலே வீங்காமல் இருக்கும் பகுதியை, கண்டுபிடிக்க அதைத்தான் அடையாளமாக வைத்திருப்பார். நூற்றில் ஓரிருவருக்கு அது பெருநாடிக்குப் பின்னால், கீழ்நோக்கிச் சாய்ந்து போகும். இன்னும் சிலருக்கு முன்னால் ஒன்று பின்னால் ஒன்று என்று வளையமாக இருக்கும். உடம்பின் கீழ்ப்பாதி இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பும் கீழ்ப் பெருநாளம் வலப்பக்கம் இல்லாமல் இடப்பக்கமாக ஏறி, சிறுநீரக மட்டத்தில் பெருநாடிக்கு முன்னால் வலப்பக்கம் தாண்டுபவர்களும் உண்டு. அது தாண்டும் இடம், பெருநாடியை அடைக்கும் இடுக்கியான கிளாம்ப் போடும் இடமேதான். குதிரைலாடச் சிறுநீரகம் உள்ளவர்களிடம் இந்த நாள மாறுபாடுகளையும் சேர்த்தே தேட வேண்டும்.

இதனால்தான் வெடித்த வீக்கத்தில் பெருநாடியைச் சுற்றி விரலையோ நாடாவையோ கண்ணை மூடிக்கொண்டு கடத்தக் கூடாது என்கிறார்கள். பின்னால் போகும் நாளம் கிழிந்தால் அதைப் பார்க்கவும் முடியாது, பிடிக்கவும் முடியாது. பெருநாடியையே குறுக்கே வெட்டித் திறந்தால்தான் கை எட்டும். கிளாம்பை முன்னிருந்து பின்னாக, இரண்டு பக்கமும் விரல் நுழைய மட்டும் வழி செய்து, முள்ளெலும்பு முட்டும் வரை நேராக இறக்கினால் போதும். வீக்கத்தின் முன்னால் இடது சிறுநீரக நாளம் காணவில்லையா? இல்லை என்று அர்த்தமில்லை, பின்னால் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். நாளம் கிழிந்துவிட்டால் கிளாம்ப் போட்டு இழுக்காமல், பஞ்சுத் துணி சுற்றிய இடுக்கியால் மேலும் கீழும் அமுக்கிப் பிடித்துத் தைப்பதுதான் வழி. நாளத்தின் சுவர் ஈரமான டிஷ்யூ தாள் போல, இழுக்க இழுக்கக் கிழியும்.

இனித் தியேட்டரில் நடக்கும் ஒழுங்கு. நோயாளி விழித்திருக்கும்போதே மார்பிலிருந்து முழங்கால் வரை மருந்து பூசி, துணி விரித்து, சத்திரசிகிச்சையாளர் கத்தியோடு நிற்க, அதன் பிறகுதான் மயக்க மருந்து ஏறும். மயக்கம் கொடுத்ததும் வயிற்றுத் தசைகள் தளர்கின்றன. உள்ளே இரத்தத்தை அழுத்தி வைத்திருந்த இறுக்கம் போகிறது, இரத்தக் குழாய்களும் விரிகின்றன. குருதி அமுக்கம் அந்த நிமிடமே கவிழும். மார்பெலும்பின் முனையிலிருந்து பூப்பெலும்பு வரை ஒரே வெட்டு.

பெருநாடி வீக்கமோ பாலமோ இருக்கும் இடத்தை முதலில் தொடுவதே இல்லை. இரத்தக் கட்டி எல்லாவற்றையும் மூடியிருக்கும், அங்கே தோண்டினால் அடைத்திருந்த வெடிப்பு திறந்துகொள்ளும். நேரே மேலே போவார்கள்: ஈரலின் இடது மடலை விடுவித்து வலப்பக்கம் ஒதுக்கி, ஈரலுக்கும் இரைப்பைக்கும் இடையிலுள்ள சிறு ஓமென்டம் என்ற சவ்வைத் திறந்து, மூக்கு வழிக் குழாயைத் தடவி உணவுக் குழாயை அடையாளம் கண்டு இடப்பக்கம் தள்ளி, உதரவிதானத்தின் கால்களை விரலால் பிளந்து, ஈரலுக்கும் இரைப்பைக்கும் போகும் சீலியாக் நாடிக்கு மேலே பெருநாடியில் கிளாம்ப். சிறு ஓமென்டத்தில் ஈரலுக்குப் போகும் ஒரு மாற்று நாடி ஓடுபவர்களும் உண்டு, ஆகவே அங்கும் கண்ணைத் திறந்து வைத்துத்தான் வெட்ட வேண்டும். உடலமைப்பு ஓரிடத்தில் மாறியவருக்கு மறு இடத்திலும் மாறியிருக்கும் என்று நினைத்து நடப்பது நட்டமில்லாத பழக்கம்.

மேல் கிளாம்ப் விழுந்ததும் மூச்சு வாங்க நேரம் கிடைக்கும், ஆனால் ஈரல், குடல், சிறுநீரகம் எல்லாமே அதன் கீழே பட்டினி. அரை மணித்தியாலத்துக்குள் கிளாம்பைக் கீழே, வீக்கத்தின் கழுத்துக்கு மாற்றுவதுதான் இலக்கு. சிறுகுடலை வலப்பக்கம் ஒதுக்கி, டியோடினத்தை (சிறுகுடலின் முதற்பகுதி) விடுவித்து, பாலத்துக்கு மேலாகக் கழுத்தை அடைவார்கள். கிளாம்பை விடும்போது மயக்க மருந்து வைத்தியரிடம் சொல்லி, கொஞ்சம் கொஞ்சமாகவே விட வேண்டும். தேங்கிய அமிலமும் பொட்டாசியமும் ஒரே அடியாக இதயத்துக்கு வந்தால் அது நின்றுவிடும். கல்சியமும் இரத்தமும் அப்போது கையில் ஏற்றத் தயாராக இருக்க வேண்டும். கீழே இடுப்பு நாடிகளைச் சுற்றித் தோண்டாமல், உள்ளிருந்தே ஃபோலி கதீட்டரின் (சிறுநீர் எடுக்கப் போடும் பலூன் குழாய்) பலூனை ஊதி அடைப்பது எளிது, மலிவு, நாளங்களும் தப்பும்.

குழாய் பெரும்பாலும் 16 முதல் 22 மில்லிமீட்டர் நேர்க்குழாய். மேல் இணைப்பு 3-0 புரோலின் நூலால், பின்சுவரில் ஆழமாகக் கடித்துத் தைக்க வேண்டும். நல்ல சுவர் கிடைக்காமல் கரையைப் பிடித்துத் தைத்தால் கிளாம்பை விட்டதும் ஊசி ஓட்டைகள் கிழியும். முடிந்ததும் வீக்கத்தின் பழைய சுவரைக் குழாயின் மேல் போர்த்தி மூடுவது அலங்காரம் அல்ல. மூடாவிட்டால் டியோடினம் குழாயில் உராய்ந்து, ஒரு காலத்தில் இரண்டுக்கும் இடையே துவாரம் விழும்.

இடுப்பு மடிப்பு வழியாக உள்ளிருந்தே ஸ்டென்ட் (வலைச் சட்டமிட்ட செயற்கைக் குழாய்) வைப்பது நல்லதில்லையா என்று கேட்பீர்கள். பாலத்தைத் தொடவே தேவையில்லாததால் குதிரைலாடச் சிறுநீரகத்துக்கு அது மிகவும் பொருந்தும் முறைதான். கிடைக்க வேண்டும், சரியான அளவு அலுமாரியில் இருக்க வேண்டும், கழுத்து போதிய நீளமாக இருக்க வேண்டும். வீக்கத்திலிருந்து கிளம்பும் சிறுநீரக நாடிகளை ஸ்டென்ட் மூடிவிடும், அது ஊட்டிய துண்டு சாகும் என்பது அதன் விலை. 613 பேரை எடுத்துக்கொண்டு 2014 இல் வெளியான பிரித்தானிய இம்ப்ரூவ் ஆய்வில், 30 நாள் மரணம் ஸ்டென்ட் வழியை முதலில் நாடியவர்களில் 35.4 வீதம், திறந்த முறையில் 37.4 வீதம். அதாவது வெடித்த நிலையில் எந்த வழியானாலும் மூன்றில் ஒருவருக்கு மேல் போகிறார். ஒருவரை இழக்க நேர்ந்தாலும், ஸ்டென்ட் இல்லாததால்தான் என்று குடும்பத்தாரோ நீங்களோ மனம் வெதும்ப வேண்டியதில்லை.

முதல் இரண்டு நாள் வாட்டில் பார்க்க வேண்டியவை உங்களுக்குத் தெரிந்தவையே, அதனால் வேகமாக. சிறுநீர் மணிக்கு ஒரு கிலோ எடைக்கு அரை மில்லிலீட்டருக்குக் குறைகிறதா. பாதங்கள் சூடாக இருக்கின்றனவா, விரல்களில் நீலப் புள்ளிகள் உண்டா. இரத்தம் கலந்த மலம் வழக்கத்துக்கு முன்பே போகிறதா, அது பெருங்குடல் பட்டினி கிடப்பதன் அடையாளம். சிறுநீர்ப்பை வழியாக அளக்கும் வயிற்று அமுக்கம் 20 மில்லிமீட்டர் பாதரசத்தைத் தாண்டி, சிறுநீரும் நின்று மூச்சு இயந்திரமும் திணறினால் வயிற்றைத் திரும்பத் திறக்க வேண்டும். சில வேளை முதலிலேயே வயிற்றை மூடாமல், கிருமி நீக்கிய சேலைன் பையை வெட்டித் தைத்து விடுவதும் இதற்காகத்தான். குதிரைலாடச் சிறுநீரகம் உள்ளவருக்கு மேலதிகமாக, வடிகுழாயில் வரும் தெளிந்த திரவத்தைச் சந்தேகிக்க வேண்டும். அதில் கிரியற்றினின் (சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு) அளவு இரத்தத்தினதை விடப் பல மடங்கு என்றால் அது சிறுநீர்.

இரண்டாவது கேள்வி, அனுப்பும் முன்பு. முதல் தவறு நோயை அடையாளம் காண்பதில் நடந்திருக்கிறது, அது உலகெங்கும் நடக்கும் தவறு. 60 வயது தாண்டிய, புகைத்த ஆணுக்கு வாழ்க்கையில் முதல் தடவையாகக் கல்லடைப்பு வலி வந்தால், பெருநாடி அல்ல என்று காட்டிய பிறகே கல் என்று சொல்ல வேண்டும். முதுகு வலி, குருதி அமுக்கம் விழுதல், வயிற்றில் துடிக்கும் கட்டி மூன்றும் ஒன்றாக இருப்பவர் பாதிப் பேர்தான். "மிஸ்ஸி, வவுத்துக்குள்ள நெஞ்சு மாதிரி அடிக்குது" என்று தோட்டத்து ஐயா ஒருவர் சொன்னால் அதை வாயு என்று தள்ளிவிடாதீர்கள். கட்டிலோரத்து ஸ்கேன் வீக்கத்தின் விட்டத்தைக் காட்டும், வெடித்ததா என்பதை அவ்வளவாகக் காட்டாது. 3 சென்டிமீட்டருக்கு மேல் விட்டம், கூடவே வலி, விழும் அமுக்கம் என்றாலே அனுப்பப் போதும். பாலம் இந்த ஸ்கேனில் பெருநாடிக்கு முன்னால் ஒரு கட்டி போல, வீங்கிய நிணநீர்க் கணு போலத் தெரிந்து குழப்பும். இரு பக்கமும் சிறுநீரகத்தின் கீழ்முனையைத் தேடிப் போனால், அது நடுவை நோக்கித் திரும்பி அந்தக் 'கட்டி'யிலேயே முடிவதைக் காணலாம்.

அமுக்கத்தை 120க்கு உயர்த்தப் பார்க்காதீர்கள். பேசினால் பதில் சொல்கிறார், மேல் அமுக்கம் 70க்கும் 90க்கும் இடையில் இருக்கிறது என்றால் அங்கேயே விடுங்கள். லீட்டர் லீட்டராகச் சேலைன் ஏற்றினால் அடைத்திருந்த உறைகட்டி தள்ளப்படும், உறையும் பொருட்கள் நீர்த்துப் போகும், உடம்பு குளிரும். இரண்டு கைகளிலும் 14 அல்லது 16 கேஜ் ஊசி போட்டு வைத்து, திரவத்தைச் சிறிதளவு மட்டும் கொடுங்கள். தேவையானால் இரத்தம். வலிக்கு மோர்பீன் சிறுகச் சிறுக. மூக்கு வழிக் குழாயை இங்கே போட்டு ஓக்காளிக்க விடாதீர்கள், தியேட்டரில் மயங்கிய பிறகு போடட்டும்.

குளிரை நம் மலைப் பக்கத்தில் யாரும் போதிய அளவு கணக்கெடுப்பதில்லை. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீட்டர், இரவில் 10 பாகை சாதாரணம். றம்பொடை, புசல்லாவை, கம்பளை வழியாகக் கண்டிக்கு இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் ஓடும் வண்டியில், மெல்லிய வாட்டுப் போர்வையோடு, குளிர்ந்த சேலைன் ஏறிக்கொண்டிருப்பவர் 34 பாகையில் போய் இறங்குவார். அந்த உடம்பில் இரத்தம் சரியாக உறையாது. கம்பளி இரண்டு, தலைக்குத் தொப்பி, சேலைன் பையை ஏற்றும் முன் இளஞ்சூட்டு நீரில் வைத்தெடுப்பது, வண்டியின் கண்ணாடியை மூடுவது: செலவில்லாத வேலை. வீட்டிலிருந்து ஆள் வர வேண்டியிருந்தால் தோட்டத்து லொறிக்குக் காத்திராமல் 1990க்கு அடிக்கச் சொல்லுங்கள், சுவசெரிய அம்புலன்சுக்குக் காசில்லை.

கண்டியில் கேட்ட கேள்விகள் தொல்லைக்கு அல்ல. அங்கே ஆறு முதல் பத்துப் பைந்து வரை இரத்தம் பொருத்திப் பார்க்கவும், பிளாஸ்மா உருக்கவும் அரை மணித்தியாலம் தேவை. வண்டி புறப்படும் முன்பே நோயாளியின் இரத்த வகை, வயது, அமுக்கம், பேசுகிறாரா, கடைசியாகச் சிறுநீர் எப்போது என்பதைச் சொல்லுங்கள். சீ.டீ. படத்தைத் தொலைபேசியிலேயே அனுப்பி, பார்க்கும் வைத்தியரிடம் இவற்றைக் கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: சிறுநீரகங்கள் ஒட்டியிருக்கின்றனவா, இடது சிறுநீரக நாளம் பெருநாடிக்கு முன்னாலா பின்னாலா, கீழ்ப் பெருநாளம் வலமா இடமா, வீக்கத்திலிருந்தே நாடி ஏதும் கிளம்புகிறதா, கழுத்து எத்தனை மில்லிமீட்டர். இவ்வளவும் தெரிந்தால் அங்கே கத்தி வைப்பவர் பாலத்தைக் கண்டு திகைக்க மாட்டார். ஆனால் ஒன்று: அமுக்கம் விழுந்துகொண்டிருக்கும் ஆளுக்கு இந்தப் பட்டியலை நிரப்புவதற்காகவே சீ.டீ. மேசையில் காத்திருக்க வைக்காதீர்கள். கிரியற்றினின் கூடியிருக்கிறது என்று சீ.டீ.க்காகப் போடும் நிறமூட்டும் ஊசியை நிறுத்தவும் வேண்டாம்.

ஐயாவின் பிள்ளைகளுக்கு ஒரு செய்தி சொல்லிவிடுங்கள். ஒட்டிய சிறுநீரகம் அவர்களுக்கும் இருக்கும் என்று பயப்பட வேண்டாம், பெருநாடி வீக்கம்தான் குடும்பத்தில் தொடரக்கூடும். அவருடைய சகோதரர்களும், ஐம்பதை எட்டும் மகன்மாரும் ஒரு தடவை வயிற்று ஸ்கேன் எடுக்கட்டும், புகைப்பவர் முதலில்.